‘ஈ’யை விழுங்கிய பக்கங்கள்

(கொடிகாமத்தில் ஒரு வாசிகசாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘கைத்தொலைபேசி இணையத்தளங்களைப் பழைய நியமங்களில் இருந்து புதிய நியமங்களுக்கு மாற்றுதல்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அதை வாசித்த பிறகும் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள் என்றால், ஒன்று உங்கள் பொறுமை பெரிது. அல்லது கூட்ட முடிவில் வடையும் தேத்தண்ணியும் உண்டு என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். பகிடி இருக்கட்டும். ஊர்ச் சங்கக்காரர் வந்தது ஏன் என்று எனக்கு விளங்குகிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் பதினைந்து இருபது வருசத்துக்கு முன்னர் ஆசையோடு கட்டிக் கொடுத்த ஊர் இணையத்தளம் இன்றைக்குக் கைத்தொலைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. அதை ‘புதுசாக்க’ வேண்டும் என்று கேட்கிறீர்கள். மாணவர்களே, நீங்கள் உயர்தரத்தில் இணையப் பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல் படிக்கிறவர்கள். அந்தப் புதுசாக்கும் வேலை கடைசியில் உங்கள் தலையில்தான் விழப்போகிறது. ஆகவே இரண்டு பகுதியாருக்கும் ஒரே விஷயத்தைச் சொல்கிறேன். உலகத்தில் மற்றவர்களுக்கு இந்த மாற்றம் பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் எச்டிஎம்எல் குறிகளைப் பற்றியது. எங்களுடைய பக்கங்களில் குறிக்குக் கீழே இன்னொரு தட்டு இருக்கிறது, எழுத்து. எழுத்தை மாற்றுவதற்கு முன்னர் குறியை மாற்றினால் அந்தப் பக்கத்தை மீட்பது பெரும்பாடாகிவிடும். எப்படி என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் உலகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1997-இல் நோக்கியா, எரிக்சன், மோட்டரோலா, அன்வயர்ட் பிளனட் என்ற நான்கு நிறுவனங்கள் சேர்ந்து, கைத்தொலைபேசிக்கு இணையத்தைக் கொண்டுவர வாப் மன்றத்தை அமைத்தன. கைத்தொலைபேசியின் திரை சின்னது, இணைப்பு மெதுவானது, வழமையான எச்டிஎம்எல் அதற்கு ஒத்துவராது என்று முடிவுகட்டி, டபிள்யூஎம்எல் என்ற தனி மொழியை வகுத்தார்கள். அதில் ‘பக்கம்’ என்று ஒன்று கிடையாது, சீட்டுக்கட்டும் சீட்டும்தான். ஒரு கட்டை இறக்கினால் உள்ளே சில சீட்டுகள், ஒவ்வொரு சீட்டும் ஒரு திரை. 1999-இல் வந்த நோக்கியா 7110 ஒரு கட்டுக்கு ஏறத்தாழ 1400 பைட்டுக்கு மேல் ஏற்காது.

1400 பைட் என்றால் எவ்வளவு? எங்கள் ஊர்ப் பெயரை வைத்துக் கணக்குப் பார்ப்போம். ‘கொடிகாமம்’ என்பதை, எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யுனிகோட்டில் எழுதினால் க, ஒகரக் குறி, ட, இகரக் குறி, க, ஆகாரக் குறி, ம, மறுபடியும் ம, புள்ளி என்று ஒன்பது குறியீடுகள் வரும். இன்று எல்லோரும் பாவிக்கிற யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். மொத்தம் 27. ஊர்ப் பெயரை 51 தரம் எழுதினால் கட்டு நிரம்பிவிடும்; சந்தையின் தேங்காய் விலை போட இடமிராது. அந்தப் போனில் தமிழ் எழுத்துருவே இல்லை என்பது வேறு கதை. 1999-இல் இந்த யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வலையில் இருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தது என்பது அதையும் விட வேறு கதை.

யப்பான் வேறு வழியில் போனது. என்டிடி டொகோமோ 1999 பெப்ரவரியில் தொடங்கிய ஐ-மோட் சேவை, புது மொழி ஒன்றைக் கண்டுபிடிக்காமல் எச்டிஎம்எல்லையே வெட்டிச் சுருக்கி எடுத்துக்கொண்டது. ஏற்கனவே எச்டிஎம்எல் தெரிந்தவன் எவனும் அடுத்த நாளே ஐ-மோட் பக்கம் எழுதலாம். வாப் பக்கம் எழுத வேண்டுமென்றால் புதிதாகப் படிக்க வேண்டும். எது சனத்திடம் ஓடியது என்று சொல்லத் தேவையில்லை. வாப் மன்றமும் பிறகு இறங்கி வந்தது, வாப் 2.0-இல் டபிள்யூஎம்எல்லை ஒதுக்கிவிட்டு எக்ஸ்எச்டிஎம்எல்லின் கைத்தொலைபேசிப் பதிப்பை ஏற்றது. 2002-இல் அந்த மன்றமே வேறோர் அமைப்புக்குள் கரைந்துபோனது.

எக்ஸ்எச்டிஎம்எல்லைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு சொல். அது எக்ஸ்எம்எல் குடும்பத்துப் பிள்ளை, கண்டிப்பானது. ஒரு குறியைத் திறந்து மூடாமல் விட்டாலும், இலக்கணப்படி வாசிக்கிற உலாவி பக்கத்தைக் காட்டாமல் பிழைச் செய்தியைக் காட்டும். கேட்க ஒழுங்கான ஏற்பாடு போல இருக்கும். இணையத்தில் உள்ள பக்கங்களை எழுதினவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தால் அது எவ்வளவு நடக்காத காரியம் என்று விளங்கும். 2004-இல் உலாவி செய்கிறவர்கள் சிலர் தனியாகக் கூடி வேறு பாதை எடுத்தார்கள். மனிதர் பிழை விடுவார்கள். விட்ட பிழையை எல்லா உலாவியும் ஒரே மாதிரிப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுத்தலுக்கும் விதி எழுதிவைப்போம் என்றார்கள். அதுதான் எச்டிஎம்எல் 5. எக்ஸ்எச்டிஎம்எல் 2 வேலை 2009-இல் கைவிடப்பட்டது; 2014 ஒக்டோபர் 28 அன்று எச்டிஎம்எல் 5 முறைப்படி நியமமானது. இடையில் 2007-இல் ஐபோன் வந்து, கணினிக்கு எழுதிய பக்கத்தையே கைக்குள் திறந்து காட்டியது. கைத்தொலைபேசிக்குத் தனி மொழி என்ற எண்ணம் அதோடு செத்துப்போனது.

இவ்வளவும் அவர்கள் கதை. எங்கள் கதை இதற்குள் எங்கே வருகிறது? வாப் பக்கங்களை எச்டிஎம்எல் 5-க்கு மாற்றுகிற சிக்கல் எங்களுக்கு வரவில்லை, ஏனென்றால் மாற்றுவதற்குத் தமிழில் வாப் பக்கங்கள் இருந்தால்தானே. எங்களிடம் இருந்தவை கணினிக்கு எழுதிய பக்கங்கள். ரொறன்ரோவில், லண்டனில், பாரிசில், ஒஸ்லோவில் இருந்த எங்கள் பிள்ளைகள் இரவு வேலை முடிந்து வந்து எழுதியவை. ஊர்க் கோயில் திருவிழாப் படங்கள், பழைய மாணவர் சங்கக் கணக்கறிக்கை, மரண அறிவித்தல், ஊர் வரலாறு, நினைவுக் கட்டுரை. 2000-இல் போரால் இடம்பெயர்ந்த எங்கள் தென்மராட்சிப் பகுதிச் சனத்துக்கு, யார் எங்கே இருக்கிறார்கள் என்று அறிய இந்தப் பக்கங்கள்தான் பிற்காலத்தில் உதவின. அவற்றில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் இருந்தது.

பாமினி என்றால் என்ன என்று இளம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். அச்சகத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதன் விசை ஒழுங்கு பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் ஒழுங்கை ஒட்டியது. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா எங்கள் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போனவர் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. தட்டச்சுப் படித்தவர்கள் நேரே கணினியில் உட்காரலாம்; அதனால் பாமினி இங்கும் புலம்பெயர் நாடுகளிலும் பரவியது. ஆனால் கணினிக்குள் அது தமிழ் கிடையாது. ‘தமிழ்’ என்று பாமினியில் எழுதினால் உள்ளே சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அந்த ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவதே எழுத்துருவின் வேலை. போர்வையை எடுத்தால் ஆங்கிலக் குப்பை.

கணினியில் அந்த எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொண்டோம். முகப்பிலேயே ‘பாமினியை இங்கே தரவிறக்குங்கள்’ என்று ஒரு இணைப்பு இருக்கும், ஞாபகம் இருக்கும். கைத்தொலைபேசியில் அப்படி எழுத்துரு நிறுவ முடியாது. அதனால்தான் ஊர்த்தளங்கள் கைத்தொலைபேசி வந்த பிறகு வாசிக்க முடியாதவை ஆயின. பழுதுபட்டது தளம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். தளம் அப்படியே இருக்கிறது, போர்வை வரவில்லை.

பாமினியும் எச்டிஎம்எல்லும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட ஓர் இடம் உண்டு. இன்று நான் வந்ததே அதைச் சொல்லத்தான் என்றுகூடச் சொல்லலாம். எச்டிஎம்எல்லில் எந்தக் குறியும் கோண அடைப்புக்குள் இருக்கும்: கணிதத்தில் ‘இதைவிடச் சிறிது’ என்று போடுவோமே, அதில் தொடங்கி ‘இதைவிடப் பெரிது’ என்பதில் முடியும். பாமினியில் இந்த இரண்டு விசைகளிலும் என்ன இருக்கிறது? ‘சிறிது’ விசையில் ‘ஈ’. ‘பெரிது’ விசையில் காற்புள்ளி. காற்புள்ளி விசையில் ‘இ’.

இப்போது ‘ஈழத்துச் சிறுகதைகள், நாவல்கள்’ என்று ஒருவர் பக்கத்தின் மூலத்தில் நேரடியாக அடிக்கிறார் என்று வையுங்கள். உலாவி ‘ஈ’யைக் கண்டதும் ‘ஓகோ, ஒரு குறி தொடங்குகிறது’ என்று எடுத்துக்கொள்ளும். எந்தக் குறி என்று அதற்குத் தெரியாது. தெரியாத குறியைக் காட்டாமல் விடுவது அதன் விதி. எங்கே முடியும்? அடுத்த ‘பெரிது’ வரும் இடத்தில், அதாவது அடுத்த காற்புள்ளியில். திரையில் ‘நாவல்கள்’ மட்டும் மிஞ்சும். ஈழத்துச் சிறுகதைகள் முழுவதையும் உலாவி விழுங்கிவிடும்! இலக்கிய விமரிசகர்கள் யாரும் செய்யாததை ஒரு கோணக் குறி செய்துவிட்டது. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளில் அடித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. அந்த மென்பொருள் கோணக் குறியைத் தானாகவே மாற்றுக் குறியீடாக எழுதிக்கொண்டது. கையால் எழுதியவர்கள்தான் அகப்பட்டார்கள். அப்படிப் போன ‘ஈ’கள் மூலக் கோப்பில் இன்னும் இருக்கின்றன, திரையில் மட்டும்தான் இல்லை. ஆகவே பழைய தளத்தை மாற்றுகிறபோது திரையில் தெரிவதைப் பிரதி எடுத்து ஒட்டாதீர்கள். மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது எழுத்துருக் குறி. ஒரு பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்து இருக்கும். மின்னஞ்சல் விலாசம், வெளிநாட்டு வீதிப் பெயர், சங்கத்தின் ஆங்கிலப் பெயர். உள்ளே இரண்டும் ஆங்கில எழுத்துதான். எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? பழைய எச்டிஎம்எல்லில் ‘இந்தப் பகுதியைப் பாமினியில் காட்டு’ என்று சொல்லும் எழுத்துருக் குறி சுற்றிவர இருக்கும். அந்த ஒரு குறிதான் சாட்சி. 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4 இந்தக் குறியைக் கைவிடத்தக்கது என்று அறிவித்தது. எச்டிஎம்எல் 5 ஒரேயடியாக வழக்கொழிந்தது என்றது. ஒழுங்கான பொறியியலாளர் ஒருவர் பழைய தளத்தைக் கையில் எடுத்தால் முதலில் என்ன செய்வார்? வழக்கொழிந்த குறிகளை எல்லாம் துடைப்பார். நியமச் சோதனைக் கருவி பச்சைக்கொடி காட்டும். அந்தக் கணமே பக்கத்தில் எது தமிழ் என்ற ஒரே தடயமும் போய்விடும். அதன் பிறகு முழுப் பக்கத்தையும் பாமினியை யுனிகோட்டாக்கும் மாற்றியில் போட்டால், டி, எச், ஈ என்ற மூன்று எழுத்தில் வருகிற மிகச் சாதாரண ஆங்கிலச் சொல் ‘வாந’ என்று வந்து நிற்கும். மின்னஞ்சல் விலாசங்கள் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

ஆகவே வேலையின் ஒழுங்கு தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் பழைய குறிகளை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தை ஒரு மரமாக வாசிக்க வேண்டும். எந்த எழுத்து எந்தக் குறிக்குள் இருக்கிறது என்று நிரலுக்குத் தெரிய வேண்டும். மாற்றுக் குறியீடுகளை அவிழ்த்து ‘ஈ’யை மீட்க வேண்டும். பாமினி என்று குறி சொல்கிற பகுதியை மட்டும் யுனிகோட்டுக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு எழுத்துருக் குறியைக் கழற்றலாம்; அதன் இடத்தில் ‘இது தமிழ்’ என்ற மொழிப் பண்பை எழுதலாம். குறிகளைத் தேடி வெட்டுகிற ஒற்றை வரிக் கட்டளையால் இந்த வேலையைச் செய்ய வெளிக்கிடுகிறவர் அவிழ்த்த ‘ஈ’களை மறுபடியும் வெட்டி எறிவார்.

மாற்றிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுரதா என்பவரின் பொங்குதமிழ் மாற்றி இல்லாதிருந்தால் எங்கள் இணையத் தமிழில் பெரும்பகுதி பாமினிக்குள்ளேயே புதைந்திருக்கும். பிறகு சென்னையில் நியூ ஹொரைசன் மீடியா தந்த மாற்றியும் வந்தது. ஆனால் எந்த மாற்றியையும் கண்மூடிக்கொண்டு நம்பக்கூடாது. இலங்கைத் தமிழ்ச் செய்திப் பக்கங்களில் ‘வௌிநாடு’, ‘வௌியீடு’, ‘வௌ்ளம்’ என்று பார்த்திருப்பீர்கள். உற்றுப் பாருங்கள், அங்கே இருப்பது ‘வெ’யும் ‘ளி’யும் கிடையாது, ‘வௌ’ என்ற ஒரே எழுத்தும் அதற்குப் பின்னால் அநாதையாக ஒரு விசிறியோ புள்ளியோதான். தட்டச்சுப் பொறியில் விசை மிச்சம்பிடிக்க ‘ள’வுக்கும் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ஒரே விசையைக் கொடுத்திருந்தார்கள். உருவமும் ஒன்றுதானே. பாமினி அதைச் சுவீகரித்தது. ‘வெளி’ என்று அடித்ததை அவசரக்கார மாற்றி ‘வௌ’ என்று வாசித்துவிடுகிறது. இதற்கு மருந்து கடினமில்லை: அந்த எழுத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ‘ள’தான், ஔகாரத்துக்குப் பின்னால் இன்னொரு குறி வர வழியில்லை. நாலு வரி நிரல். இந்த நாலு வரி எழுதப்படாததால் ‘வெளிநாடு’ என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கங்கள் அகப்படாமல் போகின்றன. கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகத் தெரிவதால் யாரும் முறையிடுவதும் இல்லை.

கொம்புகளின் ஒழுங்கும் அப்படித்தான். பாமினியில் ‘கொ’ என்பதைக் கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில் கொம்பு, க, கால் என்று அடிப்போம். யுனிகோட்டில் ஒலிக்கிற ஒழுங்கு: முதலில் க, பிறகு ஒகரக் குறி. மாற்றி இடம் மாற்றிப் போட வேண்டும். ஒரு வரி முறிவு நடுவில் வந்தால் தடுமாறும். இன்னுமொன்று. பாமினியில் ‘கொடிகாமம்’ ஒன்பது பைட். யுனிகோட்டில் 27 என்று முன்னர் கண்டோம். தளம் மூன்று மடங்கு வீங்கிவிடுமே என்று ஒரு காலத்தில் பயந்தார்கள். திருவிழாப் படம் ஒன்றைச் சுருக்காமல் ஏற்றினால் முழு ஊர் வரலாற்றையும் விடப் பெரிதாக வரும். எழுத்தின் எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

யுனிகோட்டுக்கு மாறிய தளங்களும் உடனே கைத்தொலைபேசியில் தெரிந்துவிடவில்லை. 2010-ஐ ஒட்டிய காலத்தில் நோக்கியா வைத்திருந்தவர்கள் ஒபெரா மினியை நினைவில் வைத்திருப்பீர்கள். தமிழ் எல்லாம் பெட்டி பெட்டியாகத் தெரியும். யாரோ ஒரு நண்பன் சொல்லித் தருவான்: விலாசப் பட்டியில் ஒரு சொல்லை அடித்து ஒளிந்திருக்கிற அமைப்புப் பக்கத்தைத் திற, கடைசிக்குப் போ, ‘சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு’ என்பதை ‘ஆம்’ ஆக்கு. செய்ததும் தமிழ் ஒளிர்ந்து வரும். ஒபெராவின் வழங்கி பக்கத்தை வாங்கி, எழுத்தைப் படமாக்கி அனுப்பியது; பாவம், தரவுக் காசு கொஞ்சம் கூடப் போகும். அந்த ரகசியம் ஊரில் வாய்வழியாகப் பரவியது. அது வேலை செய்ததற்குக் காரணம், மூலப் பக்கம் யுனிகோட்டில் இருந்தது என்பதுதான். பாமினிப் பக்கத்தை எந்த வழங்கியாலும் காப்பாற்ற முடியாது. அதற்கு அது வெறும் ஆங்கிலம்.

இப்போது ஒரு குறுக்கு வழி உண்டு. எச்டிஎம்எல் 5 காலத்து உலாவிகள் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே இறக்கிக்கொள்ளும். பாமினியையும் அப்படிச் சேர்த்துவிட்டால் கைத்தொலைபேசியிலும் தமிழாகத் தெரியும். ‘மாற்றிவிட்டோம்’ என்று சங்கத்துக்குச் சொல்லிக் காசும் வாங்கலாம். தயவுசெய்து இந்த வழிக்குப் போகாதீர்கள். அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு வரியை எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டினால் குப்பை. கூகுளில் தேடினால் கிடைக்காது. கண் தெரியாத ஒருவருக்கு வாசித்துச் சொல்லும் மென்பொருள் ‘ஜே, கே, பி, ஓ’ என்று வாசிக்கும்.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தை எடுங்கள். சுவிற்சர்லாந்தின் லோசானில் இருந்து கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலோடு தொடங்கியது. முதலில் மயிலை முதலான எழுத்துருக்கள், பிறகு திஸ்கி, அதன் பிறகு யுனிகோட் என்று எழுத்து முறையை மாற்றிக்கொண்டே வந்தது. நூல்கள் தொலையவில்லை. காரணம், அந்தக் கோப்புகளில் அலங்காரக் குறி மிகக் குறைவு. எந்த முறையில் எழுதப்பட்டது என்று கோப்பின் தலையிலேயே எழுதிவைத்திருந்தார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் யுனிகோட்டிலேயே தொடங்கியது. அன்றைக்குப் பலருடைய கணினியில் அது பெட்டி பெட்டியாகத் தெரிந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில்கூட அமைப்புக்குள் போய்ச் சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. வாசகர் குறைவு என்று தெரிந்தும் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதிக்கொண்டிருந்தார். அங்கே எழுதப்படுவது விக்கி உரை. அதில் இருந்து எச்டிஎம்எல்லை வழங்கிதான் ஆக்குகிறது. பிற்பாடு விக்கிப்பீடியா எக்ஸ்எச்டிஎம்எல்லில் இருந்து எச்டிஎம்எல் 5-க்கு மாறியபோது கட்டுரை எழுதியவர்களில் பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. இலங்கை அரசும் 2008-இல் எஸ்எல்எஸ் 1326 என்று யுனிகோட்டை அடியொற்றித் தமிழுக்கு நியமம் வெளியிட்டது. அதில் விசைப்பலகைக்கு ரெங்கநாதன் ஒழுங்கு. நியமம் வந்து இத்தனை வருசம் ஆகியும் அச்சுக்குப் போகிற தமிழில் எவ்வளவு இன்னும் பாமினியில் அடிக்கப்படுகிறது என்பதை நீங்கள் எந்த அச்சகத்திலும் போய்ப் பார்க்கலாம்.

எழுத்து மாறியாயிற்று என்று வையுங்கள். இனிக் கைத்தொலைபேசி வேலை. இதில் அதிகம் சொல்ல இல்லை, ஏனென்றால் நல்ல வழிகாட்டிகள் நிறைய உண்டு. கணினிக்கு ஒன்று, கைத்தொலைபேசிக்கு ஒன்று என்று இரண்டு தளம் கட்டாதீர்கள். ஒரு வருசத்தில் ஒன்று அநாதையாகிவிடும், அநேகமாகச் சனம் கூடுதலாகப் பார்ப்பதுதான் அநாதையாகும். 2010-இல் ஈதன் மார்க்கொட் என்பவர் எழுதிய ஒரு கட்டுரையில் இருந்து, ஒரே பக்கம் திரைக்கேற்ப வளைந்துகொடுக்கும் முறை பரவியது. அதைப் பின்பற்றினால் போதும். திரை அகலத்தைச் சொல்லும் அந்த ஒற்றை வரியைத் தலைப்பகுதியில் மறக்காதீர்கள். மறந்தால் ஐபோன் 980 புள்ளி அகலக் கணினித் திரை என்று எண்ணிக்கொண்டு பக்கத்தைச் சுருக்கிக் காட்டும். ஆனால் அதே வரியில் சிலர் ‘விரலால் பெருப்பிக்க விடாதே’ என்றும் எழுதிவிடுகிறார்கள். எழுபது வயதில் மரண அறிவித்தல் வாசிக்கிற ஒரு அம்மாவின் கையில் இருந்து கண்ணாடியைப் பிடுங்குவது அது.

தமிழுக்கென்று ஒன்றிரண்டு உண்டு. இரு பக்கமும் சமன்செய்து அடுக்குவது அச்சில் அழகு. எங்கள் சொற்கள் நீளம். ‘மேற்கொள்ளப்பட்டுக்கொண்டிருக்கின்ற’ என்று ஒரு சொல் கைத்தொலைபேசித் திரையின் ஒரு வரியைத் தனியே பிடிக்கும். சமன்செய்தால் முன் வரியில் இரண்டு சொல்லுக்கு நடுவில் ஒரு வயல்வெளி தெரியும். இடப்பக்கம் ஒட்டிவிடுங்கள். வரிக்கு வரி இடைவெளியை ஆங்கிலத்துக்குப் போடுவதை விடக் கூட்டுங்கள், மேலே விசிறியும் கீழே சுழியும் இருக்கிற எழுத்து எங்களுடையது. அட்டவணைக்குள் அட்டவணை வைத்துப் பக்கம் கட்டிய பழைய முறையைக் கழற்றுங்கள். ஆனால் புகையிரத நேர அட்டவணை அட்டவணையாகவே இருக்கட்டும். எது உண்மையில் அட்டவணை, எது அலங்காரத்துக்கு வைத்த அட்டவணை என்று எந்த மென்பொருளும் உங்களுக்குச் சொல்லாது. ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது விலாசம். பழைய பக்கங்களின் விலாசம் மாறினால், வீடு மாறிப் போகிறவன் பழைய கதவில் புது விலாசத்தை எழுதிவிட்டுப் போவது போல, பழைய விலாசத்துக்கு வருகிறவரைப் புதியதற்கு அனுப்பும் நிரந்தர வழிமாற்றை வழங்கியில் எழுதிவைக்க வேண்டும். வலையைக் கண்டுபிடித்த டிம் பேர்னர்ஸ்-லீ 1998-இலேயே நல்ல விலாசம் மாறாது என்று வாதாடி எழுதினார். 2009 ஒக்டோபரில் யாகூ ஜியோசிற்றிசை மூடியபோது அதில் இலவசமாகக் குடியிருந்த எத்தனையோ பக்கங்கள் உலகெங்கும் ஒரே நாளில் வீடில்லாமல் போயின. சிலவற்றை இணைய ஆவணகம் பிடித்து வைத்திருக்கிறது. உங்கள் ஊர்த்தளத்தின் பழைய மூலக் கோப்பு யாரிடமும் இல்லையென்றால் முதலில் அங்கே தேடுங்கள். அங்கே கிடைக்கிற பக்கத்தில் எழுத்துருக் குறியும் இருக்கும், அதுதான் எங்களுக்கு வேண்டியது.

கடைசியாக அச்சகக்காரரிடம் ஒரு வேண்டுகோள். இங்கே ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கிறோம். அதில் குடும்ப வரலாறு, வமிசவழி, ஊர்ப் பழக்கம் என்று வேறெங்கும் எழுதப்படாத விஷயங்கள் இருக்கும். 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் நினைவு மலர்களையும் மின்வருடிச் சேர்த்து வருகிறது, பெரிய தொண்டு. ஆனால் வருடியது படம். அதற்குள் ஒரு பெயரைத் தேட வேண்டுமென்றால் அந்தப் படத்தை மறுபடியும் எழுத்தாக்க வேண்டும். உங்கள் கணினியிலோ அது ஏற்கனவே எழுத்தாகக் கிடக்கிறது, பாமினியில், பேஜ்மேக்கர் கோப்பாக. அச்சடித்துக் கொடுத்த மறு மாதம் இடம் போதாமல் அழித்துவிடுகிறீர்கள். அழிக்காதீர்கள். இந்த வாசிகசாலையில் ஒரு வன்தட்டு வாங்கி வைக்கலாம் என்று கூட்டத் தலைவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். குடும்பத்தாரின் சம்மதத்தோடு கோப்பைக் கொண்டுவந்து கொடுங்கள். பிடிஎஃப் வேண்டாம், அடித்த மூலக் கோப்பு. எந்த எழுத்துரு என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். மாற்றுகிற வேலையை முன் வரிசையில் இருக்கிற இந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். ‘வௌி’யைத் திருத்துகிற அந்த நாலு வரியை இன்றிரவே எழுதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கேள்வி இருந்தால் கேளுங்கள்.